தொழிலுக்கு மரம் வெட்ட எந்த செயின்சா வாங்கலாம்?

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சவுக்கும் தைலமரமும் காண்ட்ராக்ட் எடுத்து வெட்டுகிறீர்கள். நடுவே தென்னை, வேம்பு, எப்போதாவது வயதான புளியும் வருகிறது. ஆன்லைனில் வாங்கிய '5800' மெஷின் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஜாம் ஆகிவிட்டன. இனி வாங்குவதைப் பெரிதாகவே வாங்கிவிடலாம், ஸ்டில் கம்பெனியின் 070 எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த மெஷின் என்பது ஒன்று. அந்த இரண்டும் எதனால் போயின என்பது மற்றொன்று. அதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதற்குப் பதில் தெரியாமல் மூன்றாவதை வாங்கினால், அதன் விலை எவ்வளவாக இருந்தாலும் அதே கதிதான் வரும். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அளவு. தினமும் எந்தக் கட்டையை அதிகம் அறுக்கிறீர்களோ அதற்குத்தான் மெஷின் எடுக்க வேண்டும். வருஷத்தில் நாலு தடவை வரும் புளியை மனதில் வைத்து எடுக்கக் கூடாது. காகித ஆலைக்குப் போகும் மூன்று, நான்கு வருஷச் சவுக்கின் அடிமரம் பெரும்பாலும் ஒரு சாண் விட்டம்கூட வராது. தைலமரம் அதைவிடச் சற்றுப் பருக்கும், அவ்வளவே. இந்த வேலையில் ஒரு வெட்டுக்கு ஆகும் நேரம் சில நொடிகள். மீதி நேரமெல்லாம் மெஷினைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடப்பதும், குனிவதும், கிளை கழிப்பதும்தான். அங்கே கூடுதலாக ஒரு கிலோ எடை என்பது மாலையில் இடுப்பில் தெரியும். ஆகவே உங்கள் முதல் மெஷின் 50 சிசி வகுப்பில், 15 அல்லது 16 அங்குலப் பார் (செயின் சுற்றியோடும் நீளத் தகடு) போட்ட, தொழில்முறை மாடலாக இருக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

'தொழில்முறை மாடல்' என்ற சொல்லை விற்பவர்கள் எல்லா மெஷினுக்கும் போடுகிறார்கள். வித்தியாசம் எங்கே என்பதை ஒரே கம்பெனியின் இரண்டு மாடலை வைத்துப் பார்த்தால் புரியும். ஸ்டில் எம்.எஸ். 250 என்பது 45.4 சிசி, 2.3 கிலோவாட், எடை பார் இல்லாமல் 4.6 கிலோ. எம்.எஸ். 261 என்பது 50.2 சிசி, 3 கிலோவாட், 4.9 கிலோ. எடை 300 கிராம்தான் கூடுகிறது, சக்தியோ கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அதைவிட முக்கியம் உள்ளே இருக்கும் கட்டுமானம். 250-இல் என்ஜின் ஒரு பிளாஸ்டிக் உடம்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோட்டம் வைத்திருப்பவருக்கும், பண்ணையில் வாரம் ஒருநாள் விறகு போடுபவருக்கும் அது போதும், நல்ல மெஷின்தான். 261-இல் என்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸே மக்னீசிய வார்ப்பு. தினமும் ஆறு மணி நேரம் ஓடும்போது வரும் சூட்டையும் அதிர்வையும் தாங்குவது அந்த வார்ப்பு. சிலிண்டர், பிஸ்டன், பேரிங் தேய்ந்தால் கழற்றி மாற்றி மறுபடி பல வருஷம் ஓட்டலாம். ஹஸ்க்வர்னாவில் இதே இடத்தில் நிற்பது 550 எக்ஸ்பி. அது 50.1 சிசி, 3 கிலோவாட். இந்த இரண்டு கம்பெனியில் எது உசத்தி என்ற சண்டை முடியவே முடியாது. ஒரே வகுப்புக்குள் வித்தியாசம் பழக்கத்தைச் சேர்ந்தது. உங்கள் டீலரிடம் இந்த எண்கள் இல்லாமல் ஸ்டில்லின் 361, 362 என்ற 59 சிசி மாடல் மட்டும் இருந்தால் அதையும் எடுக்கலாம். எடை 5.6 கிலோ ஆகும். ஆனால் 18 அங்குலப் பாரைச் சிரமமில்லாமல் இழுக்கும், தென்னைக்கும் நடுத்தர வேம்புக்கும் அதுவே போதும்.

பெரிய மரத்துக்கு என்ன செய்வது? மாதம் இரண்டு மூன்றுக்கு மேல் வந்தால் இரண்டாவதாக ஒரு 70 சிசி மெஷின் வாங்குங்கள். எம்.எஸ். 382 (72.2 சிசி, 3.9 கிலோவாட்), எம்.எஸ். 462 (72.2 சிசி, 4.4 கிலோவாட், 6 கிலோ), ஹஸ்க்வர்னா 372 எக்ஸ்பி (70.7 சிசி, 4.1 கிலோவாட்) எல்லாம் இந்த வகுப்பு. 20 அங்குலப் பார் போட்டால், பழகிய கை இரண்டு பக்கமிருந்தும் அறுத்து மூன்றடி விட்டம் வரை சமாளிக்கும். வருஷத்துக்கு நாலைந்துதான் என்றால் வாடகைக்கு எடுங்கள், அல்லது பெரிய மெஷின் வைத்திருப்பவருக்குக் கூலி கொடுத்துவிடுங்கள். ஒரே பெரிய மெஷினை வாங்கி எல்லாவற்றுக்கும் ஓட்டுவதைவிட, ஒரே மாடலில் இரண்டு 50 சிசி வைத்திருப்பது காண்ட்ராக்ட்காரருக்கு லாபம். ஒன்று மெக்கானிக்கிடம் போனாலும் ஆட்களின் கூலி வீணாகாது. இரண்டுக்கும் ஒரே செயின், ஒரே அரம், ஒரே ஃபில்டர்.

070 பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அது 1960களின் வடிவமைப்பு. 100 சிசிக்கு மேல், பார் இல்லாமலே 10 கிலோ. மெதுவாகச் சுற்றி முரட்டுத்தனமாக இழுக்கும் என்பதால் பெரிய தடிகளை நீளவாக்கில் பலகை போடும் இடங்களில் அதற்கு இன்னும் மதிப்பு உண்டு. ஆனால் சவுக்குத் தோப்பில் அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. பழைய அமைப்பில் செயின் பிரேக் கிடையாது, கைப்பிடிக்கு வரும் அதிர்வும் மிக அதிகம். சந்தையில் அதன் நகல்களும் நிறைய இருக்கின்றன.

உங்கள் '5800' விஷயத்துக்கு வருவோம். அந்த எண்ணைப் பார்த்து 58 சிசி என்று நினைக்க வேண்டாம். பிஸ்டன் விட்டத்தையும் ஓட்டத்தையும் அளந்து கணக்குப் போட்டால் பல மெஷின்களில் 54-ஐ ஒட்டித்தான் வருகிறது. அதோடு 22 அங்குலப் பார் கட்டி விற்கிறார்கள். அந்தப் பார் முழுக்க மரத்துக்குள் இறங்கினால் என்ஜின் திணறும், திணறும் என்ஜின் சூடாகும். ஆனாலும் மெஷின் மட்டமானது என்பதால் மட்டும் இரண்டும் போயிருக்கும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பிஸ்டனைப் பார்க்காமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பார்ப்பது கஷ்டமில்லை. சைலன்சரைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியாகவே பிஸ்டனின் ஒரு பக்கம் தெரியும். கோடுகள் சைலன்சர் பக்கம் மட்டும் விழுந்திருந்தால், பெட்ரோல் கலவை வறண்டு (காற்று கூடி, பெட்ரோல் குறைந்து) சூடேறிப் பிடித்திருக்கிறது. சிலிண்டரைக் கழற்றிப் பார்த்து, பிஸ்டனைச் சுற்றி எல்லாப் பக்கமும் கீறியிருந்தால், பெட்ரோலோடு கலக்கும் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலே இல்லாமல், அல்லது மிகக் குறைவாக ஓட்டியிருக்கிறார்கள். கார்புரேட்டர் பக்கம் மட்டும் மங்கித் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசியும் மணலும் உள்ளே போயிருக்கின்றன. இந்த மூன்றில் எது என்று பார்த்துவிட்டுத்தான் புது மெஷினுக்குப் பணம் எடுத்து வையுங்கள்.

மூன்றிலும் அதிகம் நடப்பது கலவைக் கோளாறு. முதலில் பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவு. கம்பெனியின் சொந்த 2டி ஆயில் என்றால் 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் சாதாரண 2டி ஆயில் என்றால் 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. கார், புல்லட்டுக்கு ஊற்றும் 4டி ஆயில் எந்த அளவிலும் கூடாது. மூடியால் அளப்பது, கண்மதிப்பில் ஊற்றுவது இரண்டையும் நிறுத்துங்கள். அளவுக் கோடு போட்ட பாட்டில் ஒன்று மெஷினோடே இருக்கட்டும். டேங்கில் நேராக ஊற்றிக் குலுக்காமல், தனி கேனில் கலந்து, ஒவ்வொரு முறை ஊற்றும் முன்பும் குலுக்குங்கள். ஆயில் கூடினால் புகையும் கரியும் வரும், பிளக் அடைக்கும். ஆயில் குறைந்தால் என்ஜினே போகும்.

இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே கார்புரேட்டர் அமைப்பில் கலவை இன்னும் வறண்டுபோகும். திருகு வைத்து டியூன் செய்யும் பல மாடல்களின் கையேட்டில் எத்தனால் 10 சதவீதம் வரைதான் என்று எழுதியிருக்கும். அப்படிப்பட்ட மெஷினில், முழு வேகத்துக் கலவையைச் சரிசெய்யும் 'ஹெச்' திருகை அரைக்கால் சுற்று அளவுக்கு இடப்பக்கம் திறந்து, சுமை இல்லாமல் முழு ஆக்சிலேட்டரில் சத்தத்தைக் கேளுங்கள். கொஞ்சம் படபடத்த சத்தமாக இருந்து, மரத்தில் வைத்ததும் தெளிவாக வேண்டும். மெல்லிய வீறிடலாக இருந்தால் வறண்டிருக்கிறது, உடனே நிறுத்துங்கள். ஒரு எச்சரிக்கை: புதிய மெஷின்களில் பலவற்றில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இக்னிஷன் காயில் இருக்கிறது. அது தரும் படபடப்பும் இதே மாதிரி கேட்கும், காதை நம்பினால் ஏமாந்துபோவோம். அவற்றை, சுற்று வேகத்தை அளக்கும் டாக்கோமீட்டர் வைத்துத்தான் டியூன் செய்ய வேண்டும். தானாகவே கலவையைச் சரிசெய்துகொள்ளும் மாடல்கள் (ஸ்டில் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னா ஆட்டோடியூன்) இந்தத் தொல்லையைப் பெருமளவு தீர்த்துவிடுகின்றன. கூடுதல் விலைக்கு நியாயம் இங்கேதான். எந்த மாடலானாலும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். அடைமழையில் வேலை நின்றால் டேங்கைக் காலிசெய்து, தானாக அணையும்வரை ஓட்டிவிட்டு எடுத்து வையுங்கள்.

மலைவேலை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1,000 மீட்டர் ஏறினால் சக்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் சில்வர் ஓக் வெட்டும்போது ஐந்தில் ஒரு பங்கே காணாமல் போயிருக்கும், கலவையில் பெட்ரோல் கூடிக் கனத்துப் புகையும். அங்கே திருகை மூடிச் சரிசெய்வது சரிதான். ஆனால் அதே அமைப்போடு மேட்டுப்பாளையம் இறங்கி வெட்டினால் கலவை வறண்டு அன்றைக்கே பிஸ்டன் பிடிக்கும். இறங்கியதும் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும். மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி தேவை என்பதையும் காண்ட்ராக்ட் எழுதும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி செயின். மெஷினுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும், மெஷின் இரட்டிப்பு நாள் வரும் என்றுகூடச் சொல்லத் தோன்றும். மழுங்கிய செயின் மரத்தைக் கடிக்காது. ஆள் அழுத்துவார், என்ஜின் திணறும், கிளட்ச் வழுக்கிச் சூடேறும், பக்கத்தில் இருக்கும் ஆயில் பம்பின் பிளாஸ்டிக் பல் உருகும், பார் நீலம் பாயும். அறுக்கும்போது விழுவதைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் செயின் கூர்மையாக இருக்கிறது. மாவு மாதிரித் தூள் விழுந்தால் அந்த நிமிஷமே நிறுத்தி அரம் போட வேண்டும். டேங்க் நிரப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு என்று பழக்கப்படுத்துங்கள். 0.325 பிட்ச் (செயின் இணைப்புகளின் இடைவெளி, அங்குலத்தில்) செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் வட்ட அரம், ஸ்டில்லின் 3/8 பிட்சுக்கு 5.2, சின்ன மெஷின்களின் தாழ்ந்த 3/8-க்கு 4 மில்லிமீட்டர். கோணம் 30 டிகிரி. வைரம் பாய்ந்த புளிக்கு 25 வரை குறைத்தால் முனை சீக்கிரம் மடங்காது. இரண்டு பக்கப் பல்லும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகம் தேய்த்துவிட்டால் வெட்டு வளைந்து போகும், பலர் அதைப் பார் கோளாறு என்று நினைத்துப் பாரை மாற்றுகிறார்கள். பல்லுக்கு முன்னால் நிற்கும் ஆழக்கட்டை, பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். கேஜ் வைத்துத் தட்டை அரத்தால் தேயுங்கள். வேகம் கூடும் என்று கண்டபடி தேய்த்துவிட்டால் செயின் மரத்தைப் பிடுங்கும், மெஷின் முகத்துக்கு எகிறும்.

செயின் வாங்கும்போது பார் நீளம் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பிட்ச், பாரின் பள்ளத்து அகலம், அந்தப் பள்ளத்தில் ஓடும் உள்பற்களின் எண்ணிக்கை மூன்றும் சேர வேண்டும். ஸ்டில்லில் 0.325 பிட்ச், 16 அங்குலத்துக்கு 67 உள்பல், பள்ளம் பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர். ஹஸ்க்வர்னாவில் அதே பிட்சுக்கு 1.5 அல்லது 1.3 வரும். 1.6 பள்ளத்தில் 1.5 செயினைப் போட்டால் ஓடும், ஆனால் ஆடிக்கொண்டே ஓடி வெட்டைக் கோணலாக்கும். பல்லின் வடிவத்தில் இரண்டு வகை உண்டு. முழுக் கூர்மூலை வைத்த செயின் சுத்தமான மரத்தில் வேகமாக அறுக்கும், மணல் பட்டதும் செத்துவிடும். மூலை உருண்ட செயின் சற்று மெதுவாக அறுத்தாலும் தூசியையும் காய்ந்த மரத்தையும் தாங்கும். கடற்கரை மணலில் நிற்கும் சவுக்குக்கு உருண்ட மூலைதான். அடிமரத்தைச் சுற்றி மண்ணை ஒதுக்கிவிட்டு வெட்டச் சொல்லுங்கள். ஓடும் செயின் ஒரு நொடி மணலைத் தொட்டாலே எல்லாப் பல்லும் போய்விடும். மூன்று செயினை மாற்றி மாற்றிப் போட்டால், செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் சீராகத் தேயும். செயின் மாற்றும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். பழைய ஸ்ப்ராக்கெட்டில் புது செயின் போடுவது செயினுக்குப் பிடித்த சனி. இரண்டு செயின் தீர்ந்ததும் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்ற வேண்டும்.

செயின் ஆயிலாக ஒர்க்ஷாப்பில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றுவது நம் ஊரில் எங்கும் நடக்கிறது. அதில் இரும்புத்துகள் இருக்கிறது, பம்பை அடைக்கும். செயினில் ஒட்டாமல் சிதறும், அதில் புற்றுநோய்க்குக் காரணமான பொருள்களும் உண்டு, அது நாள் முழுக்க ஆளின் கையிலும் மூச்சிலும் படும். தயவுசெய்து நிறுத்துங்கள். செயின் ஆயில் கிடைக்காத நாளில் புது ஆயில் எதையாவது ஊற்றினாலும் பரவாயில்லை. ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்கும் ஏறக்குறைய காலியாகியிருக்க வேண்டும். ஆயில் அப்படியே நின்றால் வழி அடைத்திருக்கிறது.

மரத்துக்கு மரம் குணம் வேறு. தைலமரத்துக்குள் இழுவிசை அதிகம். வெட்டும்போதே பிளந்து பாரைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் ஆப்பு இரண்டு இடுப்பில் இருக்கட்டும், இரும்பு ஆப்பு செயினைக் கெடுக்கும். மறுதாம்பு (அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்க) விடுவதாக இருந்தால் தரையிலிருந்து 10, 15 சென்டிமீட்டர் உயரத்தில், பட்டை உரியாமல், தண்ணீர் வடியும்படி சற்றுச் சாய்த்து வெட்ட வேண்டும். மழுங்கிய செயின் பட்டையைக் கிழித்துவிட்டால் துளிர் குறையும், தோட்டக்காரர் அடுத்த முறை உங்களைக் கூப்பிட மாட்டார். தென்னையில் வெளிவட்டம்தான் கடினம், உள்ளே மெத்து. அதன் நார் ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் திரண்டு ஆயில் துவாரத்தை மூடும். இரண்டு மரத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றித் தட்டிவிடுங்கள்.

பாதுகாப்பைப் பட்ஜெட்டில் கடைசியாக வைக்காதீர்கள். செயின்சா காயம் அதிகம் படுவது காலில். செயின் பட்டதும் நார் வெளிவந்து ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி நிறுத்தும் கால்சட்டை, முகத்திரையும் காதுமூடியும் சேர்ந்த ஹெல்மெட், பூட்ஸ் மூன்றும் ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் வேண்டும். காதருகே சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், காதுமூடி இல்லாமல் சில வருஷத்தில் காது போவது உறுதி. அதிர்வுத் தடுப்பு ரப்பர் கிழிந்தால் உடனே மாற்றுங்கள். விரல் வெளுத்து மரத்துப்போக ஆரம்பித்தால் முழுதாகத் திரும்பாமல் போகலாம். செயின் பிரேக் பிடிக்கிறதா என்று காலையில் பார்க்காமல் ஒரு மரத்தையும் தொட வேண்டாம்.

கடைசியாக, பணம் கொடுக்கும் முன் டீலரிடம் கேட்க வேண்டியவை. இந்த மாடலின் பிஸ்டன் செட், கிளட்ச் டிரம், ஆயில் பம்ப், ஸ்டார்ட்டர் கயிறு, ஏர் ஃபில்டர் இப்போது கடையில் கையிருப்பு உண்டா? இதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த மெக்கானிக் இங்கேயே இருக்கிறாரா, மெஷினை வேறு ஊருக்கு அனுப்புவீர்களா? எம்.எஸ். 500i போன்ற ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் மெஷின் 79.2 சிசியில் 5 கிலோவாட் தரும் அபாரமான கருவிதான். ஆனால் அதன் கோளாறைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும். அது இல்லாத ஊரில் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். அரை நாள் பஸ் தூரத்துக்குள் ஸ்பேர் கிடைக்கும் 361, எட்டு நாள் காத்திருக்க வைக்கும் 261-ஐவிட உங்களுக்கு நல்லது. சீரியல் எண் போட்ட பில் வாங்குங்கள், நகலிலிருந்து அதுவே காப்பு. கடையிலேயே பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்து, மரத்தில் ஒரு வெட்டுப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஐடிலில் செயின் சுற்றக் கூடாது. முதல் மூன்று டேங்க் வரை சுமையில்லாமல் முழு வேகத்தில் அலறவிடாதீர்கள், புது செயின் முதல் அரை மணி நேரத்தில் நீளும், இரண்டு மூன்று தடவை ஆறவிட்டு இறுக்க வேண்டியிருக்கும்.